உயிலுக்கு முன்பே எழுத வேண்டியவை

சொத்து எழுதிவைப்பது என்றால், ஒருவர் காலமான பிறகு யாருக்கு எது என்பதைத்தான் நம் வீடுகளில் பேசுகிறார்கள். அப்பாவின் கடைசி ஆண்டுகளை அருகிலிருந்து பார்த்த எனக்கு, அதற்கு முந்திய இரண்டு கேள்விகள் பெரிதாகத் தெரிகின்றன. உயிரோடு இருக்கும்போதே கை எழுதாமல், நினைவு நிற்காமல் போனால் அவருக்காக யார், எந்த உரிமையில் செயல்படுவது? அவர் போன பின், கூடவே வாழ்ந்தவர் யார் வீட்டில், யார் தயவில் இருப்பது? இந்த இரண்டுக்கும் வழி செய்யாமல் பிள்ளைகளுக்குப் பங்கு பிரிப்பதில் இறங்கவே கூடாது.

அப்பா அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் தன் சம்பளத்தில் மனை வாங்கிக் கட்டிய வீடு, தாத்தா வழியில் வந்த கொஞ்சம் நஞ்சை, வங்கியிலும் அஞ்சலகத்திலும் வைப்புத்தொகை, இவ்வளவுதான் சொத்து. அண்ணன் கோயம்புத்தூரில் இருக்கிறார், நான் திருச்சியில், தம்பி பெற்றோருடன். முதல் முறை பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்த பிறகு, பேச்சு தெளிவாகத் திரும்பியதும் அப்பாவே எங்கள் மூவரையும் அழைத்தார். "நான் தெளிவாகப் பேசும்போதே எழுதிவிடலாம். முதலில் அம்மாவுக்கு. மிச்சத்தை அப்புறம் பேசுங்கள்" என்றார்.

அப்பா வைத்த அந்த வரிசை எவ்வளவு சரியானது என்பது வழக்கறிஞர் சொன்ன கணக்கில் விளங்கியது. ஓர் இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் அவரைப் பெற்ற தாய் ஆகியோர் சம பங்கு பெறுவார்கள். பாட்டி முன்பே காலமாகிவிட்டதால் எங்கள் வீட்டில் நான்கு பங்கு. செங்கல் சுமந்து, நகையை அடகு வைத்துத் தானும் சேர்ந்து எழுப்பிய வீட்டில் அம்மாவுக்குக் கால் பங்குதான் வரும். எங்களில் ஒருவருக்குக் கடன் நெருக்கடி வந்து, பாகம் பிரித்துக்கொடு என்று கேட்டாலும் சட்டம் அவர் பக்கம் நிற்கும். பிள்ளைகள் நல்லவர்களாக இருப்பது வேறு. அம்மாவின் கூரை அந்த நல்ல குணத்தை மட்டும் நம்பி நிற்கக் கூடாது.

மற்ற சமயத்தவருக்குக் கணக்கு வேறு. கிறிஸ்தவர் உயில் எழுதாமல் இறந்து, மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. இஸ்லாமியர், வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. எனவே பக்கத்து வீட்டார் எழுதிய உயிலைப் பார்த்து அப்படியே எழுதிவிட வேண்டாம்.

எங்கள் வீட்டில் முதல் விவாதம் உயிலைப் பற்றி எழவில்லை, உயிரோடிருக்கும்போதே சொத்தைக் குடும்பத்தாருக்கு எழுதிக்கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரத்தைப் பற்றித்தான் எழுந்தது. தம்பி வீட்டுக் கடன் வாங்கிப் பின்பக்கம் கட்ட விரும்பினான். அதற்கு மனை அவன் பெயரில் இருக்க வேண்டும். பத்திர எழுத்தர், "முழு வீட்டையும் அவர் பேருக்கே எழுதிவிடுங்கள், ஒரே செலவு" என்றார். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத்தீர்வை ஒரு சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. விற்பனைப் பத்திரத்தோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. இந்த மலிவுதான் பல முதியவர்களை அவசரமாகக் கையெழுத்துப் போட வைக்கிறது.

எங்கள் பெரியம்மாவின் கதை அப்போது எல்லோர் மனத்திலும் இருந்தது. பெரியப்பா காலமான சில மாதங்களில், ஒரே மகனுக்கு வீட்டை எழுதிக்கொடுத்தார். பத்திரத்தில் "அன்பின் காரணமாகவும் பிரியத்தின் காரணமாகவும்" என்ற வழக்கமான வரி இருந்தது. பராமரிக்க வேண்டும் என்றோ, கடைசிவரை அதே வீட்டில் இருக்க அவருக்கு உரிமை உண்டு என்றோ ஒரு சொல்லும் இல்லை. இரண்டு ஆண்டுகளில் முன்பக்கம் வாடகைக்கு விடப்பட்டது. பெரியம்மா பின்கட்டில் ஓர் அறைக்குப் போனார். அதன் பிறகு மருந்துக்குக் கேட்டாலும் பேச்சு வளர்ந்தது. செட்டில்மெண்ட் எழுதியவர் மனம் மாறித் தானே தனியாகப் போய் ரத்து செய்துவிட முடியாது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவருக்காக நாங்கள் நாடியது 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். 60 வயது நிரம்பியவர்கள், தம்மால் தம்மைப் பராமரித்துக்கொள்ள முடியாவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். பெற்றோருக்கு 60 வயது ஆகியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நீதிமன்ற வழக்கு போன்ற செலவும் கிடையாது. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். பராமரிப்புத் தொகையாக மாதம் 10,000 ரூபாய் வரை அந்தச் சட்டத்தின்கீழ் உத்தரவிடலாம். தீர்ப்பு பிடிக்காவிட்டால் 60 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். பெரியம்மாவுக்கு மாதத்தொகை உத்தரவானது. வீடுதான் சிக்கலாக நின்றது.

காரணம் அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. அடிப்படை வசதிகளையும் உடல்நலத் தேவைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, வாங்கியவர் அப்படிச் செய்யாவிட்டால், அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். நிபந்தனை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அத்தகைய நிபந்தனை இருந்ததென்று காட்டப்படாவிட்டால் இந்தப் பிரிவு உதவாது என்றது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இது முதியவர்களைக் காக்க வந்த சட்டம், அதைத் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றது. பெரியம்மா போன்றவர்கள் இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில் நின்று வாதாட வேண்டியிருக்கிறது. பத்திரத்தில் இரண்டு வரி கூடுதலாக இருந்திருந்தால் எழுபது வயதில் அவருக்கு அந்த அலைச்சல் வந்திருக்காது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அந்த இரண்டு வரிகள் எளியவை. ஆயுள் உள்ளவரை வீட்டில் குடியிருக்கவும் வாடகை வந்தால் பெறவும் எழுதிக்கொடுப்பவருக்கும் அவர் துணைக்கும் உரிமை உண்டு என்பது ஒன்று. உணவு, மருந்து, மருத்துவம் ஆகியவற்றை வாங்குபவர் கவனிக்க வேண்டும், தவறினால் பத்திரம் ரத்துக்கு உரியது என்பது மற்றொன்று. பத்திர எழுத்தர் "இதெல்லாம் வழக்கமில்லை" என்று சொல்லலாம். எழுதச் சொல்லிக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. பதிவுக்கு முன் வரைவை வீட்டுக்கு எடுத்துவந்து, எழுதிக்கொடுப்பவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டுங்கள்.

தம்பி விஷயத்தில் எங்களுக்கு வேறு இடைஞ்சல் வந்தது. வங்கியின் வழக்கறிஞர், ஆயுட்கால உரிமையும் ரத்து நிபந்தனையும் உள்ள மனைக்குக் கடன் தர முடியாது என்றார். அவர் பார்வையில் அது நியாயம்தான். அதனால் மனையை அளந்து பின்பகுதியை மட்டும் நிபந்தனை ஏதுமின்றித் தம்பிக்கு எழுதினோம். முன்வீடு அப்பா பெயரிலேயே நின்றது. பின்பகுதி கைவிட்டுப் போனாலும் பெற்றோர் தெருவில் நிற்க மாட்டார்கள். எந்தப் பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும், குடியிருக்கும் வீட்டைத் தம் காலம் உள்ளவரை தம் பெயரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தப் பெற்றோர் என்னிடம் கேட்டாலும் சொல்லுவேன். கேட்கும் பிள்ளை எவ்வளவு பாசமானவனாக இருந்தாலும் சரி.

முன்வீட்டுக்குத்தான் உயில். அதிலும் அண்ணனுக்கும் எனக்கும் கருத்து வேறுபட்டது. அம்மாவுக்கு ஆயுள் பாத்தியதை மட்டும் கொடுத்து, அவருக்குப் பின் மூவருக்கும் சமமாக என்று எழுதினால் பின்னால் வில்லங்கம் வராது என்றார் அண்ணன். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆயுள் பாத்தியதை உள்ளவர் அங்கே வசிக்கலாம். பெரிய அறுவைச் சிகிச்சை என்று வந்தால் வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. பிள்ளைகள் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். "அவள் என்னோடு ஐம்பது வருஷம் கணக்குப் பார்த்தவள், அவளுக்கு விற்கத் தெரியாதா?" என்று அப்பா கேட்டதும் விவாதம் முடிந்தது. முழு உரிமையோடு அம்மாவுக்கே எழுதினார். நஞ்சையில் பூர்வீகப் பங்கு கலந்திருந்ததால், தனக்குரிய பாகத்தை மட்டும் உயிலில் சேர்த்தார். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பிறப்பிலேயே உரிமை உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2020-இல் ஐயமின்றிச் சொல்லிவிட்டது. அதைத் தன்னுடையது போல முழுவதுமாக ஒருவருக்கு எழுத எந்தத் தந்தைக்கும் உரிமை இல்லை.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை. கட்டாயமானது, எழுதுபவர் கையெழுத்தோ அடையாளமோ இடுவதும், குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திடுவதும். பின்னாளில் வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். அதனால் அப்பாவின் வயதொத்த நண்பர்களைத் தவிர்த்து, அவரைக் கவனித்துவந்த மருத்துவரையும் நாற்பது வயதுக்குட்பட்ட அவருடைய பழைய மாணவர் ஒருவரையும் சாட்சியாக வைத்தோம். உயிலில் பங்கு பெறும் யாரும் சாட்சியாக நிற்கவில்லை. அப்பா சுயநினைவோடும் தெளிவோடும் இருக்கிறார் என்று மருத்துவர் அதே நாளில் தனியாக ஒரு சான்றும் எழுதிக்கொடுத்தார். வலது கை வராததால் இடது பெருவிரல் ரேகை. வாசித்துக் காட்டப்பட்டு, புரிந்துகொண்டு ரேகை வைத்தார் என்று ஒரு வரி. பதிவும் செய்தோம். நடக்க முடியாதவர்களுக்கு, காரணம் காட்டி விண்ணப்பித்து உரிய கட்டணம் கட்டினால், சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யச் சட்டத்தில் இடமுண்டு. பதிவான உயிலின் நகலை எழுதியவர் உயிரோடிருக்கும்வரை வேறு யாரும் வாங்க முடியாது; வில்லங்கச் சான்றிலும் அது வராது. பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து பதிவைத் தவிர்க்கும் பெரியவர்கள் இதை அறிந்துகொண்டால் நல்லது. மனம் மாறினால் புதிய உயில் எழுதலாம். முறையாக எழுதிய கடைசி உயிலே செல்லும்.

பவர் பத்திரம் பற்றித்தான் மக்களிடம் மிகப் பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. அண்ணன் பெயருக்கு அப்பா பொது அதிகாரப் பத்திரம் எழுதியிருந்தார். இரண்டாம் முறை பக்கவாதம் வந்து நினைவு மங்கியபோது, இனி அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று உறவினர் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ மனநிலை தெளிவிழந்தாலோ அந்த அதிகாரம் முடிந்துவிடும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. எந்தக் காலத்துக்காக எழுதி வைத்தோமோ அந்தக் காலத்தில்தான் அது பயன்படாமல் போகிறது. சில வெளிநாடுகளில் நினைவிழந்த பின்னும் செல்லும் அதிகாரப் பத்திரம் இருக்கிறது. நம் சட்டத்தில் இல்லை. கோமாவிலோ கடும் மறதி நோயிலோ இருப்பவரின் சொத்தை விற்றுத்தான் மருத்துவம் பார்க்க வேண்டுமென்றால், காப்பாளராக நியமிக்கக் கோரி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக நியமித்து 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்த வழியும் திறந்திருக்கிறது என்பது ஆறுதல். ஆனாலும் மருத்துவமனை வராந்தாவில் நிற்கும் குடும்பத்துக்கு அது நீண்ட வழி.

எங்களுக்கு அந்த நிலை வராமல் காத்தவை சிறிய ஏற்பாடுகள். அப்பா தெளிவாக இருந்தபோதே சேமிப்புக் கணக்கையும் வைப்புத்தொகைகளையும் அம்மாவோடு சேர்த்து, இருவரில் ஒருவர் இயக்கலாம் என்ற முறைக்கு மாற்றியிருந்தார். ஒரே ஒரு கணக்கு மட்டும் தனிப்பெயரில் விடுபட்டிருந்தது. முதல் முறை படுக்கையில் இருந்தபோது, நினைவு தெளிவாக இருந்தும் கையெழுத்துப் போட முடியவில்லை, கிளையில் மறுத்தார்கள். ரிசர்வ் வங்கியின் விதி அதற்கு வழி சொல்கிறது: கையெழுத்திட முடியாதவரின் கைவிரல் அல்லது கால்விரல் ரேகையை, இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்டினால் ஏற்கலாம், சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். இதை எழுத்தில் கேட்டதும் மேலாளரே ஓர் அலுவலரை வீட்டுக்கு அனுப்பினார். 70 வயது கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்றும் 2017 முதல் வங்கிகளுக்கு அறிவுரை இருக்கிறது. உயிர்வாழ் சான்றுக்கு அஞ்சல்காரர் வீட்டுக்கே வந்து விரல் ரேகை எடுத்துக்கொள்கிறார். கேட்டால்தான் கிடைக்கும், கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இதையெல்லாம்விடக் கடினமான பேச்சு ஒன்றையும் அப்பாவே தொடங்கினார். மூச்சுக்குழாய் வைத்து, திரும்ப வழியில்லாத நிலையில் தன்னை நீட்டிக்க வேண்டாம் என்றார். அம்மா அழுதார். ஆனாலும் எழுதினோம். இப்படி முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. அப்போது மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றது. அந்தத் தாள் இருந்ததால், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நாங்கள் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொள்ளவில்லை. முடிவு அப்பாவுடையது. மூவரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அப்பாவுக்குப் பின் வந்த வேலைகளில் பெரும்பாலானவை ஓடிவிட்டன. இறப்புச் சான்று, இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியரிடம் பெறும் வாரிசுச் சான்று, உயிலைக் காட்டிப் பட்டா மாற்றம். அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தில் மட்டும் பெயர்ச் சிக்கல் வர இருந்தது. ஓய்வூதிய ஆணையில் அம்மாவின் பெயருக்கு முன்னால் தாத்தாவின் தலைப்பெழுத்து. ஆதாரில் அப்பாவின் தலைப்பெழுத்து. அப்பா இருக்கும்போதே விண்ணப்பித்துத் திருத்தியிருந்தோம். அவர் இல்லாதபோது இதே திருத்தத்துக்கு அலையும் பல பெண்களைக் கருவூல அலுவலக வாசலில் பார்த்தேன். உங்கள் அம்மாவின் பெயர் எல்லாத் தாள்களிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள்.

நாமினி பற்றியும் சொல்ல வேண்டும். பழைய வைப்புத்தொகை ஒன்றில் அண்ணன்தான் நாமினி. வங்கி அவரிடம் பணத்தைக் கொடுத்தது. ஆனால் வங்கி வைப்புத்தொகையில் நாமினி என்பவர் வாரிசுகளுக்காகப் பணத்தைப் பெற்று வைத்திருப்பவர்தான், உரிமையாளர் ஆகிவிட மாட்டார். உயில்படி அது அம்மாவுக்கு. அண்ணன் அன்றைக்கே மாற்றிக்கொடுத்தார். எல்லா வீட்டிலும் அப்படி நடக்கும் என்று எண்ணிவிடாமல், நாமினியும் உயிலும் ஒரே பெயரைச் சொல்லும்படி வைத்துக்கொள்வது நல்லது. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக வைக்கலாம். பத்து ஆண்டுகளுக்கு மேல் யாரும் கேட்காத பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும், ஆனாலும் வாரிசுகள் கேட்டுப் பெறலாம். ரிசர்வ் வங்கியின் உத்கம் இணையதளத்தில் தேடியபோது அப்பா வேலை பார்த்த ஊரில் வைத்திருந்த ஒரு கணக்கு தெரியவந்தது.

இப்போது சித்தியின் முறை. பிள்ளை இல்லாதவர், கணவரை இழந்தவர், செவிலியராக வேலை பார்த்துத் தன் சம்பளத்தில் திருச்சியில் வீடு வாங்கியவர். பல ஆண்டுகளாக அவரைக் கவனித்துக்கொள்பவள் என் மாமாவின் மகள். உயில் இல்லாமல் சித்தி போனால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி அந்த வீடு முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பிறந்த வீட்டார் அதற்குப் பிறகுதான். பெற்றோர் வழியில் வந்த சொத்தாக இருந்தால் மட்டும் தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். அவர் தன் உழைப்பில் வாங்கியதற்கு அந்த விலக்கு இல்லை என்று 2009-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதைக் கேட்டதும் சித்தி திகைத்துப் போனார். கணவர் வீட்டார் அவரைப் பார்க்க வந்தே பல காலம் ஆகிறது. சொந்தச் சம்பாத்தியம் உள்ள, பிள்ளையில்லாத பெண்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் இந்த ஒரு செய்தியை மட்டுமாவது அவர்களிடம் சொல்லுங்கள். சித்தியின் உயில் வரைவு தயாராகிவிட்டது. மாமா மகள் பயன்பெறுபவள் என்பதால் பதிவு அலுவலகத்துக்கு அவளை அழைத்துப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். மருத்துவர் சான்றோடு, சித்தியின் மருத்துவமனைத் தோழியர் இருவர் சாட்சியாக வருகிறார்கள்.